ஆய்வும் அந்த அம்மாவும்

கேள்வி: உளவளத்துணையாளராகப் பயிற்சி பெறுகிறேன். சுனாமியில் மகனைப் பறிகொடுத்த அம்மா ஒருவர் வருகிறார். கடல் இரைச்சல் கேட்டால் இன்றும் உடம்பு நடுங்குகிறதாம். ஆய்வில் பலன் தந்த முறையை அப்படியே அவருக்குச் செய்யலாமா?
– வாசகி, பெரியகல்லாறு

பதில்: ஆய்வைத் தேடிப் படித்தது நல்ல விசயம், தங்கச்சி. சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நமது வடகிழக்கில் 31 பிள்ளைகளுடன் செய்த ஆய்வொன்று 2009இல் வெளிவந்தது. ஒரு பகுதியினர் ஆறு அமர்வுகளில் தங்கள் வாழ்க்கைக் கதையை நடந்த ஒழுங்கிலேயே சொன்னார்கள். மற்றவர்கள் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். இரு பக்கமும் நன்றாகவே தேறினார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்கள் 8 முதல் 14 வயதுப் பிள்ளைகள், சுனாமி நடந்து சில கிழமைகளில் உதவி கிடைத்தவர்கள். இந்த அம்மாவின் துக்கத்துக்கு இருபது வருசம் தாண்டிவிட்டது.

அதனால் இரண்டு முறைகளையும் விளக்கி, எது வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். என்னிடம் வந்த ஒரு தாய் தியானத்துக்குக் கண்ணை மூடவே மறுத்தார். மூடினால் அலை வருகிறதாம். சரி, கண் திறந்தபடியே மகன் பிறந்த நாளிலிருந்து கதையைத் தொடங்கினோம். கிழமைக்கு எத்தனை இரவு தூங்கினார் என்று கொப்பியில் குறித்து வந்தேன். நீங்களும் குறியுங்கள். நாலைந்து அமர்வுக்குப் பிறகும் அந்தக் கணக்கு அசையவில்லையென்றால் மேற்பார்வையாளருடன் பேசி முறையை மாற்றுங்கள்.