மேட்டூரில் கட்லா இழுத்ததும் தங்கூசி அறுகிறதா? ராடை மாற்ற வேண்டாம்

புது ராடு (தூண்டில் கோல்) தேவையில்லை. மேட்டூர் அணையில் பெரிய கட்லா மீன் ஓடும்போதெல்லாம் 9 கிலோ தாங்கும் தங்கூசி (தூண்டிலின் நைலான் நரம்பு) அறுகிறது என்கிறீர்கள். ரீலின் டிராகை (மீன் இழுக்கும்போது எவ்வளவு விசையில் தங்கூசியை விட்டுக்கொடுப்பது என்று தீர்மானிக்கும் பிரேக்கை) அளவுக்கு மீறி இறுக்கியிருப்பதுதான் காரணமாக இருக்கும். கையால் இழுத்துப் பார்த்து இறுக்கினால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும்.

தங்கூசி தாங்கும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் டிராக் இருக்க வேண்டும். உங்களுக்கு 2.25 முதல் 3 கிலோ. தங்கூசியின் நுனியைக் கொக்கித் தராசில் கட்டுங்கள். ராடை 45 டிகிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொருவரைத் தராசை மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். 2.5 கிலோ காட்டும்போது ஸ்பூல் (தங்கூசி சுற்றியிருக்கும் உருளை) வழுக்கிச் சுழல வேண்டும். விட்டு விட்டுச் சுழன்றால் டிராக் வாஷர் காய்ந்திருக்கலாம். அதற்கென விற்கும் டிராக் கிரீஸை மட்டும் லேசாகத் தடவுங்கள்.

முக்கியமான ஒன்று: மீன் ஓடி ஸ்பூலில் தங்கூசி குறையக் குறைய இழுவை தானாகவே ஏறும். அந்த நேரத்தில் பயந்துபோய் டிராக் திருகை இன்னும் இறுக்குவதால்தான் பல மீன்கள் போகின்றன.

அறுந்த நுனியையும் பாருங்கள். பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. சொரசொரப்பாக இருந்தால் பாறையில் உரசியிருக்கும், அல்லது ராடு வளையத்தில் கீறல் இருக்கும். வளையத்துக்குள் பஞ்சை விட்டு இழுங்கள், கீறல் இருந்தால் நார் சிக்கும்.

ராடின் கைப்பிடிக்கு மேலே 6–12 பவுண்டு (அந்த ராடுக்கு ஏற்ற தங்கூசியின் பலம்) என்று அச்சிட்டிருந்தால் மட்டும் கணக்கு வேறு. 9 கிலோ (சுமார் 20 பவுண்டு) தங்கூசிக்கு அந்த ராடு தாங்காது.