கை மறக்கவில்லை, ஆர்டர்தான் மறக்கிறது

(நரம்பியல் பகுதி: வாசகர் கேள்விகளுக்குச் சேலம் மருத்துவர் பதில்)

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 41 வயது. வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். 12 வருடமாக வலிப்பு. கீழே விழுந்து துடிப்பதில்லை. திடீரென்று வெறித்துப் பார்ப்பார், வாயை மெல்லுவார், சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருப்பார். ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடும். இப்போது மறதிதான் பெரிய தொல்லை. காலையில் ஆர்டர் கொடுத்தவர் சாயங்காலம் வந்தால் "நீங்க யாருங்க?" என்கிறார். ஆனால் கொலுசில் ஒரு கண்ணி பிசகாது. ஸ்கேனில் ஒன்றுமில்லையாம். "வேலை ஞாபகம் இருக்கு, அட்வான்ஸ் வாங்கினது மட்டும் இல்லையா? நடிக்கிறான்" என்கிறார் மாமனார். மூளையின் நெட்வொர்க்கைப் பார்க்கும் ஸ்கேன் இருக்கிறதாமே, அதை எடுத்தால் தெரியுமா?
- பெயர் வேண்டாம், செவ்வாய்ப்பேட்டை, சேலம்-2

பதில்: முதலில் உங்கள் மாமனாருக்கு. ஐயா, மகன் நடிக்கவில்லைங்க. நீங்கள் எதை வைத்துச் சந்தேகப்படுகிறீர்களோ, அதுவே அவருக்குச் சாட்சி. கைவேலையின் ஞாபகம் வேறு, யார் வந்தார், என்ன சொன்னார் என்ற ஞாபகம் வேறு. இரண்டுக்கும் மூளையில் வேறு வேறு இடம்.

இது தெரியவந்ததே ஒரு வலிப்பு நோயாளியால்தான். 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயதுக்காரருக்கு, அடங்காத வலிப்புக்காக இரண்டு பக்கத்து ஹிப்போகேம்பஸிலும் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். காதுக்கு நேர் உள்ளே, கடல்குதிரை மாதிரி வளைந்து கிடக்கும் சின்னப் பகுதி அது. வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் பார்த்த முகம், பேசிய பேச்சு எதுவும் அவரிடம் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரைய வைத்தார். நாளுக்கு நாள் கை தேறியது. வரைந்த ஞாபகம் மட்டும் அவருக்கு இல்லவே இல்லை. 2008-ல் இறக்கும்வரை அப்படித்தான் இருந்தார்.

உங்கள் கணவருக்கு அந்த அளவுக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள். வெறிப்பது, வாய் மெல்லுவது, பொத்தான் தடவுவது என்று நீங்கள் எழுதியிருப்பது கன்னப்பொட்டுப் பக்கத்து மூளையில், அதாவது டெம்பொரல் பகுதியில் தொடங்கும் வலிப்பு போல இருக்கிறது. ஹிப்போகேம்பஸும் அங்கேதான். அதனால் ஞாபகம் அடி வாங்குவது ஆச்சரியமில்லை.

சரி, ஸ்கேனில் ஏன் ஒன்றும் தெரியவில்லை? சாதாரண எம்.ஆர்.ஐ. ரோட்டைப் படம் பிடிக்கும், ரோட்டில் வண்டி ஓடுகிறதா என்று சொல்லாது. அதைப் பார்ப்பதுதான் நீங்கள் கேட்ட நெட்வொர்க் ஸ்கேன். 1995-ல் பரத் பிஸ்வால் என்பவர், ஒருவர் சும்மா படுத்திருக்கும்போதே மூளையின் இடது, வலது இயக்கப் பகுதிகளில் ரத்த ஓட்ட மாற்றம் ஒரே தாளத்தில் ஏறி இறங்குவதைக் காட்டினார். இரண்டு இடங்கள் இப்படிச் சேர்ந்து ஏறி இறங்கினால், அவற்றுக்குள் பேச்சுவார்த்தை இருக்கிறது என்று கொள்கிறோம். டெம்பொரல் வலிப்பு உள்ளவர்களில், வலிப்பு கிளம்பும் பக்கத்து ஹிப்போகேம்பஸுக்கும் மூளையின் பின்நடுப் பகுதிக்கும் உள்ள இந்தத் தொடர்பு சராசரியாகக் குறைந்திருக்கிறது. அது குறைந்தவர்களுக்கு ஞாபகச் சோதனையில் மதிப்பெண்ணும் குறைவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

அப்படியானால் தொடர்பு கூடினால் நல்லதா? அங்கேதான் சிக்கல். மழையில் மண் சரிந்து ஏற்காடு மலைப்பாதையை, அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளை, மூடிவிட்டால் வண்டிகள் எப்படிப் போகும்? குப்பனூர், கொட்டச்சேடு சுற்றி. அன்றைக்குக் குப்பனூரில் நின்று எண்ணுகிறவர், ஏற்காட்டுப் போக்குவரத்து பிரமாதம் என்றுதான் எழுதுவார். மூளையிலும் சில இணைப்புகள் கூடித் தெரியும். சிலருக்கு அது மாற்றுப்பாதை, உண்மையிலேயே கைகொடுக்கிறது. சிலருக்கு வெறும் நெரிசல். நூறு பேரின் சராசரியில் தெரிவதை வைத்து, பட்டறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆகவே அந்த ஸ்கேனுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

செலவழிக்க வேண்டியது வேறு இடத்தில். உட்கார வைத்துக் கதை சொல்லி, அரை மணி கழித்துத் திரும்பக் கேட்கும் முறையான ஞாபகச் சோதனை ஒன்று செய்யுங்கள். தூக்கத்தையும் சேர்த்து இ.இ.ஜி., அதாவது மூளையின் மின் அலைப் பதிவு, எடுக்கச் சொல்லுங்கள். ராத்திரி வரும் வலிப்பு வீட்டில் யாருக்கும் தெரியாமல் போகும். மாத்திரைச் சீட்டையும் காட்டுங்கள். டோபிரமேட் மாதிரி சில மருந்துகளில் வார்த்தை தொண்டை வரை வந்து நிற்கும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. மனச்சோர்வு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சரியாகத் தேர்ந்த இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லையா? திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா மருத்துவமனை போன்ற இடத்தில் அறுவை சிகிச்சைக்குத் தகுதியா என்று கேட்கலாம். மொலைசனுக்குச் செய்ததுபோல இரண்டு பக்கமும் இன்று எடுப்பதில்லை.

அப்புறம், பட்டறையில் பற்றவைக்கும் நெருப்பு வேலை. வலிப்பு அடங்கும்வரை அதை வேறொருவர் செய்யட்டும். உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் பயம் தந்தது மறதி அல்ல, அந்த நெருப்புதான்.

நானும் ஒருகாலத்தில் உங்கள் மாமனார் கட்சிதான். ஓர் ஆசிரியை மறதி என்று வந்தபோது, "எல்லாருக்கும் இருக்கிறதுதாம்மா" என்று அனுப்பிவிட்டேன். அடுத்த முறை வருகைப் பதிவேட்டையே எடுத்து வந்தார். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பென்சிலில் பொடியாக எழுதியிருந்தது: "முன்பல் இல்லை", "ரெட்டை ஜடை", "ஜன்னலோரம்". அந்த வித்தையை உங்கள் கணவருக்கும் சிபாரிசு செய்கிறேன். ஆர்டர் நோட்டில் பெயர், எடையோடு ஆளின் அடையாளம் ஒன்று, கூடவே போனில் ஒரு படம்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகளுக்கு வலிப்பு கட்டுக்குள் இருக்கிறது. பரீட்சைக்காக ராத்திரி இரண்டு மணிவரை விழிக்கிறாள். படித்தது நிற்கவில்லை என்று அழுகிறாள்.
- ஒரு தாய், ஏற்காடு

பதில்: பத்தரைக்கு விளக்கை அணையுங்கள். பகலில் படித்ததை ஹிப்போகேம்பஸ் மற்ற பகுதிகளுக்கு எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் தூக்கத்தில்தான். தூக்கம் கெட்டால் வலிப்பும் எட்டிப் பார்க்கும். பிள்ளை மக்கு இல்லை, தூக்கம் போதவில்லை.

கேள்வி: வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்தால் நிற்கிறதே, எப்படி?
- வாசகர், அம்மாபேட்டை

பதில்: பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக நிற்கும். சாவியைத் தேடி எடுப்பதற்கும் அவ்வளவு நேரம் ஆகிறது. தேடுவதை விட்டு ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108.