நட்டின் மூலை

அன்புள்ள அண்ணன்,

எங்கள் வீடு கருங்கல் பக்கம். பன்னிரண்டு வருடம் ஓடிய வேகன் ஆர் ஒன்றை வாங்கியிருக்கிறேன். ஆயில் மாற்றுவது, பிரேக் பேடு மாற்றுவது, பேட்டரி கழற்றி மாட்டுவது இதெல்லாம் வீட்டிலேயே செய்ய ஆசை. ஆன்லைனில் 108 பீஸ் டூல் செட் பெட்டியோடு மலிவாக வருகிறது. வாங்கலாமா, தனித்தனியாக வாங்க வேண்டுமா? எந்தக் கம்பெனி? லைஃப்டைம் வாரண்டி என்று போட்டிருப்பதை நம்பலாமா? போன வாரம் ஆயில் மாற்றப் பார்த்தேன். காரோடு வந்த ஜாக்கியில் தூக்கி, இரண்டு ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுத்து அடியில் படுத்தேன். ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட் அசையவில்லை. தாடையை நகர்த்தி அளவு மாற்றும் ஸ்க்ரூ ஸ்பேனர் போட்டு முறுக்கியதில் தலை பாதி உருண்டுவிட்டது. இனி அதை எப்படிக் கழற்றுவது?

எஸ்., கருங்கல்

அன்புள்ள தம்பிக்கு,

டூல் செட் இருக்கட்டும். அந்த ஹாலோ பிளாக்குகளை முதலில் முற்றத்தை விட்டு வெளியே போடுங்கள். போகிறபோக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள், படித்தவனுக்குத்தான் பதறுகிறது. ஹாலோ பிளாக் சுவருக்குச் செய்தது. கலவையில் உட்கார்ந்து, பாரம் முழு முகத்திலும் பரவினால் தாங்கும். காரின் அடிவிளிம்பு அதில் ஒரே கோட்டில் இறங்குகிறது. இரும்பு என்றால் முதலில் வளையும், பார்த்துச் சுதாரிக்கலாம். பிளாக் வளையாது, ஒரு சத்தத்தோடு நொறுங்கிவிடும். உங்கள் கார் எண்ணூறு கிலோவுக்கு மேல். எஞ்சின் இருக்கும் முன்பக்கத்து ஒரு மூலை மட்டும் இருநூறு கிலோவைத் தாண்டும். அதற்கு அடியில் நெஞ்சைக் கொடுத்துப் படுத்திருக்கிறீர்கள். வீட்டில் இருப்பவர்களை நினைத்தீர்களா?

காரோடு வரும் கத்திரி ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். அடியில் போவதென்றால் ஜாக் ஸ்டாண்டு, அதாவது தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் இரும்புத் தாங்கி, ஒரு ஜோடி வேண்டும், 2 டன்னோ 3 டன்னோ. உங்கள் பட்டியலில் முதல் செலவு அது, ஸ்பேனர் அப்புறம். செம்மண் முற்றம் என்றால் ஸ்டாண்டின் கால் புதையும்; 18 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்றை அடியில் போட வேண்டும். பலர் தவறவிடுவது இன்னொன்று. உங்கள் காரில் கியர் பிடிப்பது முன்சக்கரத்தை, ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தை. முன்பக்கம் தூக்கியதும் கியரில் விட்டதால் எந்தப் பயனும் இல்லை. ஹேண்ட் பிரேக்கும் பின்சக்கரத்துக்கு வைக்கும் அண்டைக்கட்டையும்தான் காரை நிறுத்துகின்றன. பின்பக்கம் தூக்கினால் அப்படியே தலைகீழ். ஸ்டாண்டில் இறக்கிய பிறகு காரைக் கையால் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடியில் போக வேண்டும். டயரைக் கழற்றியிருந்தால் அதையும் அடிவிளிம்புக்குக் கீழே தள்ளி வையுங்கள்.

இனி உங்கள் உருண்ட போல்ட். கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் இது. எந்தக் கம்பெனி என்று கேட்பவர்கள், அந்தக் கருவி நட்டை எந்த இடத்தில் தொடுகிறது என்று கேட்பதே இல்லை. நல்ல ஸ்பேனர், மோசமான ஸ்பேனர் என்பதெல்லாம் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். நட்டின் ஆறு தட்டையான முகங்களைத்தான் பட்டை என்கிறேன். 17 மி.மீ. நட்டில் எதிரெதிர் பட்டைகளுக்கு இடையே 17 மி.மீ., எதிரெதிர் மூலைகளுக்கு இடையே 19.6 மி.மீ. அதாவது ஒவ்வொரு மூலையும் பட்டையைவிட 1.3 மி.மீ. மட்டுமே வெளியே நிற்கிறது. 10 மி.மீ. நட்டில் முக்கால் மில்லிமீட்டர்தான். நீங்கள் கொடுக்கும் பலம் முழுவதையும் தாங்க வேண்டியது இந்தச் சின்ன மூலை. திறந்த வாய் ஸ்பேனர் இரண்டு இடத்தில்தான் தொடும். ஸ்க்ரூ ஸ்பேனரின் தாடை எவ்வளவு இறுக்கினாலும் ஆடும். ஆடுகிற தாடை பட்டையில் உட்காராமல் மூலைக்கு நழுவி அதைச் சீவிக்கொண்டே போகும். உங்கள் போல்ட்டுக்கு நடந்தது இதுதான். கையில் பலம் போதாமல் இல்லை, பலம் தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது.

நம் குமரி மாவட்டத்தில் இது இரட்டைப் பிரச்சினை. தென்மேற்குப் பருவமும் நமக்குண்டு, வடகிழக்கும் உண்டு. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று கடற்கரையை ஒட்டி ஓடும் வண்டியின் அடிப்பாகத்தில் உப்பு படிந்துகொண்டே இருக்கும். துரு முதலில் மூலையைத்தான் தின்னும். வெளியே 17 என்று தெரிகிற நட்டு, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகு பதினாறரையாக நிற்கும். அதில் 17 ஸ்பேனர் போட்டால் பிடிக்க மிச்சம் என்ன இருக்கிறது? அதனால் உள்நாட்டில் ஒருவருக்குப் போதுமான கருவி நமக்குப் போதாது. ஹார்பர் பக்கம் போட் எஞ்சின் வேலை செய்கிறவர்களிடம் பேசிப் பாருங்கள். கழற்றுவதற்கு முன் தேய்ப்பதற்கும் ஊற வைப்பதற்கும் எவ்வளவு நேரம் கொடுக்கிறார்கள் என்று தெரியும்.

ஆகவே நட்டின்மேல் தொப்பிபோல் மாட்டும் சாக்கெட் வாங்கும்போது சிக்ஸ் பாயிண்ட், அதாவது உள்ளே ஆறு மூலை உள்ளது, என்று கேட்டு வாங்குங்கள். பன்னிரண்டு மூலை உள்ள ட்வெல்வ் பாயிண்ட் சாக்கெட் மாட்டுவதற்கு எளிது, ஆனால் நட்டை மூலைக்கு மிக அருகில் பிடிக்கும். சிக்ஸ் பாயிண்ட் ஆறு பட்டையையும் அணைத்துப் பிடிக்கும். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நல்ல சாக்கெட்டில் உள்மூலைகள் கூர்மையாக இருக்காது, குழித்து வட்டமாக விடப்பட்டிருக்கும். நட்டின் மூலை அந்தக் குழியில் சும்மா நிற்கும், தள்ளுவது பட்டையைத்தான். துருப்பிடித்த நட்டுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. கடையில் கிடைக்கும் ரிங் ஸ்பேனர்கள் அநேகமாக ட்வெல்வ் பாயிண்ட்தான். அதனால் முதல் அசைப்பு சாக்கெட்டில், அப்புறம் சுற்றி எடுப்பது ரிங்கில்.

கம்பெனி கேட்டீர்கள். டபாரியா, ஈஸ்ட்மேன், ஸ்டான்லி, எது உங்கள் கடையில் இருக்கிறதோ அது. லைஃப்டைம் வாரண்டியை மறந்துவிடுங்கள். மாற்றித் தர பக்கத்தில் கடை இருந்தால்தான் வாரண்டி. குரோம் வெனேடியம் என்ற முத்திரை எல்லா இரும்பிலும் குத்தியிருக்கிறது, அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நாகர்கோவிலுக்கோ மார்த்தாண்டத்துக்கோ நேரில் போங்கள். போகும்போது போல்ட் கடையில் எம்6, எம்10, எம்12 புது நட்டு ஒவ்வொன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சாதாரணமாகக் கிடைக்கும் நட்டில் அவற்றுக்கான ஸ்பேனர் அளவு 10, 17, 19 மி.மீ. சாக்கெட்டில் நட்டைப் போட்டு விரலால் திருப்பிப் பாருங்கள். கொஞ்சம் ஆடலாம், லொடலொடவென்று ஆடக் கூடாது. அப்படி ஆடும் சாக்கெட் எந்தப் பெயரில் வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

108 பீஸ் வேண்டாம். அந்த எண்ணிக்கையில் பெரும்பகுதி ஸ்க்ரூ பிட்டும், நீங்கள் தொடவே போகாத அளவுகளும், கால் இஞ்ச் டிரைவ் (கைப்பிடி மாட்டும் சதுரத்தின் அளவு) பொடி சாக்கெட்டும்தான். மாருதியிலும் ஹூண்டாயிலும் திரும்பத் திரும்ப வருவது 8, 10, 12, 14, 17, 19. எம்8 போல்ட்டுக்குப் போல்ட் கடையில் 13 மி.மீ. தலை வரும், ஜப்பானிய வழி வந்த கார்களில் 12 மி.மீ. உங்கள் காரில் எங்காவது 13 மி.மீ. தலை தட்டுப்பட்டால், முன்பு யாரோ கடை போல்ட் போட்டு ஒப்பேற்றியிருக்கிறார் என்று சந்தேகப்படலாம். அதனால் 13 ஒன்றும் கையில் இருக்கட்டும். இந்த ஏழு அளவில் ஒருபக்கம் வாய், மறுபக்கம் ரிங் வைத்த காம்பினேஷன் ஸ்பேனர். அதே அளவுகளில் சிக்ஸ் பாயிண்ட் சாக்கெட். சாக்கெட்டைக் கழற்றாமலே முன்னும் பின்னும் ஆட்டித் திருப்பும் ராட்செட் கைப்பிடி 72 பல் உள்ளதாக எடுங்கள். 24 பல் என்றால் அடுத்த பல்லைப் பிடிக்க 15 டிகிரி கையை ஆட்ட வேண்டும், 72 என்றால் 5 டிகிரி போதும். எஞ்சின் சந்துக்குள் அந்தப் பத்து டிகிரிதான் வேலை நடக்குமா நடக்காதா என்று தீர்மானிக்கும். 3 இஞ்ச், 10 இஞ்ச் எக்ஸ்டென்ஷன், அரை இஞ்ச் டிரைவில் நீளக் கைப்பிடி ஒன்று, அரை கிலோ சுத்தியல், பி.எச்.2 ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர். மற்றது தேவை வரும்போது.

இறுகிய நட்டை ராட்செட் போட்டு அசைக்காதீர்கள். உள்ளே சில சின்னப் பற்கள்தான் பிடிக்கின்றன, அவை உடையும்போது உங்கள் கைமுட்டி போய் இரும்பில் மோதும். நீளக் கைப்பிடியைப் போடுங்கள், உங்களை நோக்கி இழுங்கள், தள்ளாதீர்கள். துருப்பிடித்த நட்டை முதலில் கம்பி பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் ஆயிலை அடித்து ஓர் இரவு விட வேண்டும். காலையில் தலையில் சுத்தியலால் நாலு தட்டு, மறுபடி ஆயில். பிறகு இறுக்கும் பக்கம் மயிரிழை திருப்பி, அப்புறம் கழற்றும் பக்கம். அசைந்துவிட்டது என்று ஒரேயடியாகக் கழற்றக் கூடாது. கால் சுற்று வெளியே, எட்டில் ஒன்று உள்ளே. இல்லையென்றால் மரையில் சேர்ந்த துருத்தூள் நெரிந்து போல்ட் முறிந்து கையில் வரும். பிரேக் டிஸ்க்கிலோ பேடிலோ அந்த ஆயில் ஒரு துளி பட்டுவிடக் கூடாது. சூடான சைலென்சரில் அடிக்கவே கூடாது, தீப்பிடிக்கும்.

உங்கள் டிரெயின் போல்ட்டில் துரு பிரச்சினை இருக்காது, அதன் மரை எப்போதும் ஆயிலில்தான் கிடக்கிறது. யாரோ அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார். எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள், ஆயில் கை பொறுக்கும் சூட்டில் போதும். தலையைத் துடைத்து, மிச்சமுள்ள பட்டையை வெர்னியரில் அளந்து பாருங்கள். சரியான அளவு சிக்ஸ் பாயிண்ட் இன்னும் பிடித்தால் அதுவே போதும். பிடிக்காவிட்டால் ஒரு மில்லிமீட்டர் குறைந்த சாக்கெட்டைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி ஏற்றுங்கள். போல்ட் இருக்கும் சம்ப், அதாவது ஆயில் தேங்கும் தொட்டி, மெல்லியது, ஓங்கி அடிக்காதீர்கள். திசையில் கவனம். அடியில் மல்லாந்து படுத்தால் பலருக்குக் குழம்பிவிடும். போல்ட்டின் தலையை நேருக்கு நேர் பார்த்து இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் 10 இஞ்ச் லாக்கிங் பிளையரைத் தலையில் கடிக்க வைத்துப் பாருங்கள். அதோடு நிறுத்துங்கள். அடுத்தது தலையில் ஒரு நட்டை வெல்டு வைத்துக் கழற்றுவது, அது பட்டறை வேலை.

பழைய போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். புது போல்ட், புது வாஷர். இறுக்கும் அளவு உங்கள் காரின் கையேட்டில் இருக்கும். 35 நியூட்டன் மீட்டர் என்றால், 20 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் சுமார் 18 கிலோ இழுப்பு, அவ்வளவுதான். வீல் நட்டும் அப்படித்தான். 85 நியூட்டன் மீட்டர் என்பது 25 செ.மீ. கைப்பிடியில் 35 கிலோ. எழுபது கிலோ ஆள் அதன்மேல் ஏறி நின்று மிதித்தால் இரண்டு மடங்காகிறது. அடுத்த முறை ரோட்டோரத்தில் பஞ்சரானால் அந்த நட்டு எப்படி வரும்? இறுக்கும் அளவை வைத்துத் திருப்பும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்குங்கள், ஆனால் கழற்ற அதைப் பயன்படுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் அதன் கைப்பிடியை மிகக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வையுங்கள். வீல் நட்டின் மரைக்கு கிரீஸ் தடவும் பழக்கம் நம் பக்கம் உண்டு, விட்டுவிடுங்கள். கையேட்டின் கணக்கு காய்ந்த மரைக்குப் போட்டது, கிரீஸ் இருந்தால் அதே இழுப்பில் போல்ட் அதிகமாக இழுபடும். உப்புக்காற்றில் டயர் ஹப்போடு ஒட்டிக்கொள்கிறது என்றால், ஹப்பின் நடுவட்டத்தில் மட்டும் மெல்லிசாகத் தடவலாம்.

கருவிகளை வேலை முடிந்ததும் எஞ்சின் ஆயில் தொட்ட துணியால் துடைத்து வையுங்கள். குரோம் பூச்சு எங்கே உரிகிறதோ அங்கேதான் நம் ஊர்க் காற்று உள்ளே புகும்.

பிரேக் பேடை இந்த ஆயில் வேலை சரியாக முடிந்த பிறகு எடுங்கள். பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் போல்ட் அளவை அளந்து சாக்கெட் வாங்கிய பின்னரே கழற்றுங்கள், அதில் ஸ்க்ரூ ஸ்பேனர் கூடவே கூடாது. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள், கோர்த்தது எப்படி என்று சந்தேகம் வந்தால் பார்க்க ஒரு பக்கம் இருக்கும். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். பேடு போட்டு முடித்ததும், கார் நகரும் முன்பே பெடல் கெட்டியாகும் வரை மிதிக்க வேண்டும். முதல் மிதிகள் தரைவரை போகும். அதை மறந்து காரை எடுத்தால் வாசலிலேயே பிரேக் இருக்காது. ஜாக் ஸ்டாண்டு வாங்கியதும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்