பலேனோவா, கிளான்ஸாவா?

கேள்வி: அம்மாவுக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். எங்கள் கிராமத்திலிருந்து தஞ்சாவூருக்குப் போய்வர 110 கிலோமீட்டர். இதுவரை வாடகைக் காரில் போனோம். இனி கார் வாங்கி நானே ஓட்டலாம் என்று இருக்கிறேன். மாருதி பலேனோ, டொயோட்டா கிளான்ஸா இரண்டையும் பார்த்துவிட்டோம். மாமனார், "டொயோட்டா வாங்கும்மா, வழியில் நிற்காது. இன்னோவாவெல்லாம் எவ்வளவு ஓடுது பார்" என்கிறார். அண்ணன், "மாருதிதான், எந்த ஊரிலும் ஸ்பேர் கிடைக்கும்" என்கிறான். இன்டர்நெட்டில் தேடினால் டொயோட்டாவுக்குத்தான் முதலிடம் தருகிறார்கள். மாருதி ஒர்க்‌ஷாப் எங்களுக்குக் கால் மணி நேரம். டொயோட்டாவுக்கு ஒன்றரை மணி நேரம் போக வேண்டும். எனக்கு ஒன்றுதான் முக்கியம்: அம்மாவை வைத்துக்கொண்டு நடுவழியில் நிற்கக் கூடாது. எதை நம்பி வாங்கலாம்? ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா?
— ஒரு வாசகி, தஞ்சை மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மாமனாரும் அண்ணனும் ஒரே வண்டியை வைத்துக்கொண்டுதான் வாதாடுகிறார்கள். கிளான்ஸா என்பது பலேனோதான். 2018-இல் டொயோட்டாவும், மாருதியின் தாய்க் கம்பெனியான சுசுகியும் இந்தியாவில் ஒருவர் வண்டியை ஒருவருக்குத் தருவது என்று ஒப்பந்தம் போட்டார்கள். அதன்படி 2019 ஜூனில் கிளான்ஸா வந்தது. இரண்டும் குஜராத்தில் ஹன்சல்பூரில் இருக்கும் சுசுகி ஆலையில்தான் தயாராகின்றன. 2022-இல் பலேனோ மாறியதும் அடுத்த மாதமே கிளான்ஸாவும் அதே மாதிரி மாறியது. முன்பக்க கிரில், பம்பர், சக்கர டிசைன், உள்ளே கொஞ்சம் நிறம், இதெல்லாம் வேறு. பானெட்டைத் திறந்தால் இரண்டிலும் இருப்பது சுசுகியின் அதே 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்.

மாமனார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2000-இல் குவாலிஸ், 2005-இல் இன்னோவா என்று டொயோட்டா இங்கே சம்பாதித்த பேர் சும்மா வந்ததில்லை. டிராவல்ஸ்காரர்கள் ராத்திரி பகல் பார்க்காமல் ஓட்டி, அந்த டீசல் இன்ஜினின் உழைப்பை நேரில் பார்த்துச் சொன்ன பேர் அது. ஆனால் இன்னோவாவை அப்படி உழைக்க வைத்த இன்ஜினும், லாரிக்கு இருப்பது போன்ற தனிச் சேஸிஸும் (பாடியைத் தாங்கும் இரும்புச் சட்டம்) கிளான்ஸாவில் இல்லை. இன்னோவாவுக்குக் கிடைத்த சான்றிதழைக் கிளான்ஸாவிடம் எதிர்பார்க்க முடியாது.

இன்டர்நெட்டில் நீங்கள் பார்க்கும் பட்டியல்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எடுத்த கணக்குகள். அங்கே ஜே.டி. பவர் என்ற நிறுவனம், வாங்கி மூன்று வருடமான வண்டிகளின் சொந்தக்காரர்களிடம் கேட்டு, 100 வண்டிக்கு எத்தனை குறை என்று எண்ணுகிறது. போன் புளூடூத்தில் சேரவில்லை என்பதும் ஒரு குறை, கியர்பாக்ஸ் போனதும் ஒரு குறை. அந்தக் கணக்கில் வருவது கேம்ரி, கொரோலா மாதிரி அங்கே விற்கிற வண்டிகள். கிளான்ஸா அமெரிக்காவில் விற்பனைக்கே இல்லை. அதனால் அந்தப் பட்டியலை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

ஒரே வண்டி என்பதற்கு நல்ல அத்தாட்சி, இரண்டு நிறுவனங்களும் திரும்ப அழைத்த வண்டிகளின் கணக்கு. 2020 ஜூலையில் ஃபியூவல் பம்ப் குறைக்காக மாருதி 78,222 பலேனோ வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதே குறைக்காக டொயோட்டா சுமார் 6,500 கிளான்ஸா வண்டிகளை அழைத்தது. 2023 ஜனவரியில் ஏர்பேக் கன்ட்ரோலர் பிரச்சினை வந்தபோது மாருதி 17,362 வண்டிகளை அழைத்தது. அதில் பலேனோவும் உண்டு. டொயோட்டா 1,390 வண்டிகளை அழைத்தது. அதில் கிளான்ஸாவும் உண்டு. திரும்ப அழைப்பதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். குறையை ஒத்துக்கொண்டு இலவசமாக மாற்றித் தருவது நல்ல பழக்கம்தான். எந்தப் பேரில் வாங்கினாலும் வண்டியின் நல்லதும் கெட்டதும் ஒன்றுதான் என்பதற்காகச் சொல்கிறேன்.

வண்டி எப்படி என்றால், உங்கள் தேவைக்கு நல்ல வண்டி. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ கிடையாது, அதனால் கெட்டுப்போக ஒரு பாகம் குறைவு. டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருப்பதால் குறிப்பிட்ட கிலோமீட்டரில் பெல்ட் மாற்றும் செலவும் இல்லை. ரொம்ப நாளாக ஊரெல்லாம் ஓடுகிற இன்ஜின் குடும்பம் என்பதால் கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் சுலபமாகக் கிடைப்பார்.

அப்படியானால் எதை வாங்குவது? எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு கார் இருந்தது. கம்பெனிப் பேர் வேண்டாம். நின்றே போகாது என்று எல்லாரும் சொல்லும் வண்டி, மூன்று வருடம் அப்படியேதான் ஓடியது. ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு அப்பாவை இதய டாக்டரிடம் கூட்டிப் போகச் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் உதறிவிட்டு நின்றது. பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தால், இன்ஜின் மேலே வைக்கோலும் பாதி தின்ற தேங்காய்ச் சில்லும் கிடந்தன. இன்ஜெக்டருக்குப் போகும் இரண்டு வயர்களை எலி கடித்திருந்தது. செம்புக் கம்பி பளிச்சென்று வெளியே தெரிந்தது. தோப்புப் பக்கம் நிறுத்திய என் தப்பு. ஆனால் அதன்பின் நடந்ததுதான் என்னை நோகடித்தது. அந்தக் கம்பெனி ஒர்க்‌ஷாப் 70 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. வண்டியைக் கட்டித் தூக்கிக்கொண்டு போக ஒரு நாள், வயரிங் செட் வர எட்டு நாள். அந்த ஒன்பது நாளும் அப்பாவை ஆட்டோவிலும் பஸ்ஸிலும் கூட்டிப் போனேன்.

அன்றிலிருந்து யார் கார் வாங்கக் கேட்டாலும் நான் முதலில் கேட்பது ஒர்க்‌ஷாப் எவ்வளவு தூரம் என்றுதான். நீங்கள் அதைக் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். கால் மணி நேரமும் ஒன்றரை மணி நேரமும் ஒன்றாகாது. உள்ளே ஒரே சாமான்தானே, டொயோட்டா வாங்கி மாருதியில் விட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். வாரண்டி இருக்கும்வரை அது நடக்காது. கிளான்ஸாவின் வாரண்டி வேலை டொயோட்டாவில்தான் ஆக வேண்டும்.

முன்பு கிளான்ஸா பக்கம் சாய ஒரு நல்ல காரணம் இருந்தது. டொயோட்டா 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி கொடுத்தது, மாருதி 2 வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர்தான் கொடுத்தது. 2024 ஜூலையில் மாருதியும் 3 வருடம், 1 லட்சம் என்று ஏற்றிவிட்டது. ஆகவே என் யோசனை பலேனோ. மாமனாரிடம் இரண்டு வண்டியின் பானெட்டையும் திறந்து காட்டுங்கள், அவரே ஒத்துக்கொள்வார்.

முன்பணம் கட்டுவதற்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை அந்த மாருதி ஒர்க்‌ஷாப்புக்கு நேரில் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஷோரூமில் இல்லை, ஒர்க்‌ஷாப்பில். வண்டி விட வருகிறவர்களிடம், சொன்ன நாளில் திருப்பித் தருகிறார்களா, அதே குறைக்கு இரண்டாவது தடவை வந்தீர்களா என்று கேளுங்கள். நம் ஊரில் மனம் விட்டுச் சொல்வார்கள். வழியில் நின்றால் எவ்வளவு தூரம்வரை இலவசமாகக் கட்டித் தூக்குவார்கள், உங்கள் கிராமத்துக்கு வருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். டெலிவரிக்கு முன் தயாரான மாதத்தையும் பாருங்கள். யார்டில் பல மாதம் வெயிலில் கிடந்த வண்டியை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

ஆட்டோமேட்டிக் பற்றி. இந்த இரண்டு வண்டியிலும் இப்போது வருவது ஏ.எம்.டி. அதே மேனுவல் கியர்பாக்ஸில், கிளட்சையும் கியரையும் உங்களுக்குப் பதில் ஒரு மோட்டார் அமைப்பு இயக்குகிறது. மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கெட்டுப்போகக்கூடிய ஒரு பாகம் கூடுதல். பாலத்து ஏற்றத்தில் பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலேட்டரிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தினால் கிளட்ச் சீக்கிரம் தேயும். உங்கள் பாதையில் நகர நெரிசல் கொஞ்ச தூரம்தான். நிற்கவே கூடாது என்பதுதான் முதல் தேவை என்றால் மேனுவல் எடுங்கள். ஓட்டுவது புதிது, கிளட்ச் பயமாக இருக்கிறது என்றால் ஏ.எம்.டி-யே எடுங்கள். நீங்கள் பதற்றமில்லாமல் ஓட்டுவது அதைவிட முக்கியம்.

வாங்கிய பிறகு உங்கள் கையில் இருப்பது கொஞ்சம்தான். பேட்டரி மூன்று வருடம் தாண்டியதும் சோதித்துக்கொண்டே இருங்கள், சாகும்வரை காத்திருக்க வேண்டாம். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்ற யாரையும் விடாதீர்கள், கம்பெனி சொன்ன கூலன்ட் மட்டும். காற்று பிடிக்கும்போது ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள். கிராமம் என்பதால் எலியை மறக்கவே கூடாது: வைக்கோல் போருக்கும் நெல் மூட்டைக்கும் பக்கத்தில் நிறுத்தாதீர்கள், டயாலிசிஸுக்கு முந்தின ராத்திரி பானெட்டை ஒரு தடவை திறந்து பாருங்கள். இத்தனை நாள் வந்த வாடகைக் கார் டிரைவரின் நம்பரையும் அழித்துவிடாதீர்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு அம்மாவையும் கூட்டிப் போங்கள். இது தாழ்வான வண்டி. டயாலிசிஸ் முடிந்து வரும்போது தலைசுற்றலும் அசதியும் இருக்கும், குனிந்து உள்ளே போவது சிரமம். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) போட்ட கை என்றால் அதை ஊன்றாமல், இன்னொரு கையால் மட்டும் பிடித்து ஏறி இறங்க முடிகிறதா என்று பாருங்கள். பின் சீட்டிலும் முன் சீட்டிலும் இரண்டு மூன்று தடவை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். அவருக்கு வசதிப்படவில்லை என்றால், இரண்டையும் விட்டுவிட்டு, சீட் உயரமான வேறு வண்டியைப் பார்க்கலாம். அப்போது மறுபடி எழுதுங்கள்.