நாமினிதானே, பணம் பூரா அவருக்கா?

கேள்வி: "அப்பா உயில் எழுதாமலே தவறிட்டார். பேங்க்ல அவர் பேர்ல 8 லட்சம் ஃபிக்சட் டெபாசிட் இருக்கு, அதுக்கு நாமினி அண்ணன். பணம் பூரா தனக்குத்தான்னு சொல்றார். அம்மா, நான், அப்பத்தா எல்லாரும் இருக்கோம். நாங்க இந்துக் குடும்பம். எங்களுக்கு ஒண்ணும் கிடையாதா?"

இருக்கும்மா. நாமினி வேற, வாரிசு வேற, நம்ம ஊர்ல பாதி குடும்பச் சண்டை இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்கிறதுலதான் ஆரம்பிக்குது.

நாமினிங்கிறவர் பேங்க்கிட்ட கையெழுத்துப் போட்டுப் பணத்த வாங்கிக்கிற ஆள், அவ்ளோதான். அவர்கிட்ட குடுத்துட்டா பேங்க்கோட பொறுப்பு முடிஞ்சிடும், யாரு பங்கு எவ்ளோன்னு அவங்க பஞ்சாயத்து பண்ண மாட்டாங்க. ஆனா வாங்கின பணம் அவருக்குச் சொந்தம் ஆயிடாது, டெபாசிட் விஷயத்துல சுப்ரீம் கோர்ட் 2010-லயே இதத் தெளிவா சொல்லிடுச்சு. ஷேர், மியூச்சுவல் ஃபண்டுக்கும் 2023-ல அதே மாதிரிதான் தீர்ப்பு வந்துச்சு.

சரி, வாரிசு யாரு? இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பாவோட மனைவி, பிள்ளைங்க, அவரோட அம்மா எல்லாரும் முதல் வரிசை, ஆளுக்குச் சம பங்கு. இறந்தவரப் பெத்த அப்பா இந்த வரிசையில வர மாட்டார், ஆனா பெத்த அம்மா வருவாங்க, இது நிறைய பேருக்குத் தெரியாது. பிள்ளைங்க நீங்க ரெண்டு பேர் மட்டும்னா, அப்பத்தாவையும் சேர்த்து 4 பங்கு, ஆளுக்கு 2 லட்சம். உங்களுக்குக் கல்யாணம் ஆயிருந்தாலும் பங்கு குறையாது, அண்ணன் அப்படிச் சொன்னா நம்பாதீங்க.

அப்பா எல்ஐசி எதுவும் போட்டிருந்தா அது வேற கணக்கு. இன்சூரன்ஸ் சட்டத்துல 2015-ல வந்த திருத்தத்துல, பாலிசி எடுத்தவரோட அப்பா அம்மா, கணவன் மனைவி, பிள்ளைங்க யாராவது நாமினியா இருந்தா பணம் அவங்களுக்கே சேரும்னு கொண்டுவந்தாங்க, ஆனா அதுலயும் ஹைகோர்ட்டுகள் ஒரே மாதிரி சொல்லல, அதனால பாலிசி இருந்தா வக்கீல்கிட்ட ஒருதரம் காட்டிடுங்க.

இன்னொரு குழப்பம் சர்டிஃபிகேட்ல. தாசில்தார் குடுக்கிற வாரிசு சான்றிதழ் வாரிசுங்க யார் யார்னு காட்டும், பங்கு பிரிக்காது. இறந்தவரோட பணத்த வாங்கிக்க அதிகாரம் குடுக்கிற சக்சஷன் சர்டிஃபிகேட் கோர்ட் குடுக்கிறது, கேஸ் போட்டு வாங்கணும், செலவும் நாளும் ஆகும். இ-சேவையில வாரிசு சான்றிதழுக்கு இப்பவே அப்ளை பண்ணிடுங்க.

பேங்க்குக்கு "அண்ணனுக்குக் குடுக்காதீங்க"ன்னு லெட்டர் எழுதினா போதும்னு பலர் நினைக்கிறாங்க, ஆனா டெபாசிட்ல வேற ஆளுங்களோட உரிமை நோட்டீச பேங்க் எடுத்துக்கவே வேணாம்னு சட்டத்துலயே இருக்கு, கோர்ட் உத்தரவு இருந்தாத்தான் நிறுத்துவாங்க. அதனால அண்ணன் பணத்த எடுக்குறதுக்கு முன்னாடி பெரியவங்க யாரையாவது வெச்சுப் பேசுங்க, ஒத்துவரலன்னா வக்கீல் மூலமா அவருக்கு நோட்டீஸ் விட்டுட்டு இடைக்காலத் தடைக்குப் போங்க. எடுத்துட்டாலும் விட்டுடாதீங்க, அவர்மேல உங்க பங்குக்குக் கேஸ் போடலாம், ஆனா செலவழிச்சுட்ட பணத்த வசூல் பண்றது பெரிய பாடு.

பேசி முடிஞ்சா யாருக்கு எவ்ளோன்னு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுக்கங்க. அப்பத்தா "எனக்கு எதுக்குப் பணம்"னு சொன்னா, அதையும் அவங்க கையெழுத்தோட எழுதி வாங்கிடுங்க.