வலி இல்லாத நாளில்தான் கவனம் வேண்டும்

உடம்பெல்லாம் நாள்பட்ட வலி தரும் ஃபைப்ரோமயால்ஜியா நோய் இருக்கிறது, ஞாயிறு சைக்கிளில் 60 கி.மீ. ஓட்டினால் புதன் வரை தொடை கல்லாகிவிடுகிறது, 200 கி.மீ. பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஆசையை விட்டுவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். எனக்கும் இதே நோய்தான், ஒன்பது வருடமாகிறது.

ஒரே நாளில் கொட்டுகிற அந்த 60-ஐ வாரத்தில் நான்கு நாளாகப் பிரித்து ஓட்டுங்கள், உடம்பு நன்றாக இருக்கும் நாளிலும் அன்றைய அளவைத் தாண்டாதீர்கள், ஏனென்றால் நம்மைப் படுக்கையில் தள்ளுவது பெரும்பாலும் அந்த நல்ல நாள்தான். கியரையும் குறையுங்கள். கனமான கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று அழுத்தி மிதிப்பதைவிட லேசான கியரில் 85 சுற்றுவது தொடைக்கு எவ்வளவோ மேல். நான் மாற்றிய மாதமே மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கினேன்! சீட் உயரத்தைப் பாருங்கள், பெடல் அடியில் இருக்கும்போதும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும்.

200-க்கு 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள். நிற்கிற நேரத்தையும் சேர்த்து மணிக்கு 15 கி.மீ. வந்தால் போதும், சரியா?

அப்புறம், ஓட்டிய பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது வழக்கமான வலி இல்லை, உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.