முதல் காசை எஞ்சினில் போடாதீர்கள்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. வேலைக்காக இந்தியானா மாநிலத்தின் கொலம்பஸ் நகருக்கு வந்திருக்கிறீர்கள். ஜூலையில் நடந்த கவுண்டி கண்காட்சியில் பிக்கப் டிரக்குகள் ஸ்லெட் என்ற எடைவண்டியை மண்தடத்தில் இழுப்பதைப் பார்த்து ஆசை பிடித்துக்கொண்டது. பழைய டீசல் டிரக் ஒன்றை வாங்கி அடுத்த கோடையில் களத்தில் இறங்க முடியுமா, வெளியிலிருந்து வந்தவனைச் சேர்த்துக்கொள்வார்களா, எஞ்சினில் முதலில் எதை மாற்ற வேண்டும் என்று கேட்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் பதில் ஆம். மூன்றாவதற்கு என் பதில்: முதல் வருடம் எஞ்சினைத் தொடாதீர்கள்.

ஏன் என்பது ஸ்லெட்டைப் புரிந்துகொண்டால் விளங்கும். அதன் பின்பக்கம்தான் சக்கரங்கள் இருக்கின்றன. முன்பக்கம் வெறும் இரும்புத் தகடு, மண்ணை உரசிக்கொண்டு வரும். டிரக் இழுக்கத் தொடங்கியதும், பின்சக்கரங்களின் மேல் இருந்த எடைப்பெட்டி சிறிது சிறிதாக முன்னோக்கி ஊர்ந்து வந்து அந்தத் தகட்டை மண்ணில் அழுத்துகிறது. புறப்படும்போது இலேசாக வரும் ஸ்லெட், தூரம் கூடக் கூட நங்கூரம் போட்டதுபோல் ஆகிவிடும். தடத்தின் 300 அடியையும் இழுத்து முடித்தால் அது ஃபுல் புல். தொடக்க வகுப்புகளில், அதாவது தொடக்கப் போட்டிப் பிரிவுகளில், நான் பார்த்தவரை, பாதியில் நிற்கும் டிரக்குகளில் பலவும் சக்தி போதாமல் நிற்பதில்லை. டயர் மண்ணைப் பிடிக்காமலோ, முன்பக்கம் தூக்கிக்கொண்டோ, ஆக்சிலோ ஷாஃப்டோ முறிந்தோதான் நிற்கின்றன.

ஆகவே முதலில், ஸ்லெட்டின் சங்கிலியை மாட்ட டிரக்கின் பின்னால் இருக்கும் கொக்கியைக் கவனியுங்கள். பல இடங்களில் கொக்கியின் உயரம் தரையிலிருந்து 26 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. சங்கிலி ஸ்லெட்டின் தாழ்வான முனையிலிருந்து மேல்நோக்கிச் சாய்ந்து வருவதால், கொக்கி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு இழுவை பின்டயர்களை மண்ணோடு அழுத்தும். அதனால் எல்லோரும் அனுமதித்த உயரத்தை ஒட்டியே வைக்கிறார்கள். ஆனால் பாரம் ஏறியதும் பின் ஸ்ப்ரிங்குகள் அமுங்கி, கொக்கியும் தாழ்ந்துவிடும். நிற்கும்போது 26 அங்குலம் காட்டிய டிரக் இழுக்கும்போது சில அங்குலத்தை இழந்துவிடுகிறது. இதைத் தடுக்கத்தான் ஆக்சிலுக்கும் டிரக்கின் அடிச்சட்டத்துக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து அசையாமல் செய்கிறார்கள். உங்கள் வகுப்பில் இதற்கு அனுமதி உண்டா என்பதை விதிப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், இடத்துக்கு இடம் மாறும். கொக்கியைப் பற்றவைப்பது மட்டும் தேர்ந்த வெல்டரின் வேலை. அது பிய்த்துக்கொண்டால் சங்கிலி எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது எடை. கொக்கி பின்னால் இழுக்க, மூக்கு மேலே எழும்பும். முன்டயர்கள் மண்ணை விட்டால் நான்கு சக்கர இயக்கம் இருந்தும் பயனில்லை. அதனால் டிரக்கின் முன்பக்கம் ஒரு சட்டம் அமைத்து, டிராக்டர்களின் மூக்கில் தொங்குமே, அந்த வார்ப்பிரும்பு எடைகளை மாட்டுகிறார்கள். மொத்த எடைக்கு வரம்பு உண்டு. 8000 பவுண்டு என்ற வரம்பைப் பல வகுப்புகளில் பார்க்கலாம். முன்சக்கரங்களைத் திருப்பும் டை ராடுகள் இந்த இழுவையில் வளையக்கூடியவை, அவற்றுக்கு வலுவான உறை போடுங்கள்.

எந்த டிரக் என்றால், 1994 முதல் 1998 தொடக்கம் வரை வந்த டாட்ஜ் ராம் டீசல். அதில் இருப்பது கம்மின்ஸின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், 12 வால்வு எஞ்சின். பாஷ் பி7100 எரிபொருள் பம்ப் முழுக்க முழுக்க இயந்திர முறையில் இயங்குகிறது. கணினி இல்லாமலே சரிசெய்யலாம். வாங்கியதும் செய்ய வேண்டிய ஒரு வேலை மட்டும் இருக்கிறது. டைமிங் கியர் உறையில் ஒரு சின்ன இரும்பு ஊசி உண்டு, கில்லர் டவல் பின் என்பார்கள். அதிர்வில் அது மெல்லக் கழன்று கியர்களுக்குள் விழுந்தால் எஞ்சினே போய்விடும். அதன்மேல் ஒரு சிறு தகட்டை வைத்து போல்ட் போட்டு முடுக்கினால் தீர்ந்தது. கூடவே, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவுக்கு அழுத்தமானியும் புகை வெப்பமானியும் பொருத்திவிடுங்கள். சக்தியைக் கூட்டவும் தாங்கவும் செய்யும் மாற்றங்களான கவர்னர் ஸ்ப்ரிங், கனமான வால்வு ஸ்ப்ரிங், ஹெட் ஸ்டட், இரட்டைத் தட்டு கிளட்ச் எல்லாம் இரண்டாம் வருடத்துக்கு. சக்தியைக் கூட்டிவிட்டு கிளட்சை அப்படியே விடுவது வீண் செலவு.

புதிய டிரக் வாங்கிப் புகை வடிகட்டியைக் கழற்றலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 2007க்குப் பிந்தைய டீசல் பிக்கப்புகளில் அது வந்துவிட்டது. அதைக் கழற்றுவது இங்கே கூட்டரசுச் சட்டத்துக்கு எதிரானது. விசாவில் இருக்கும் நமக்கு அந்த வம்பு வேண்டாம். வாகனக் காப்பீட்டுப் பத்திரத்தையும் படித்துப் பாருங்கள். போட்டிக் களத்தில் நேரும் சேதத்தை விலக்கிவைக்கும் பத்திரங்கள் நிறைய.

பாதுகாப்புச் சோதனையில் ஒரு பொருளும் குறையக்கூடாது. ஹெல்மெட், தீயணைப்பான், ஷாஃப்ட் உடைந்தால் சிதறாமல் தடுக்கும் வளையங்கள், ஸ்லெட்டிலிருந்து இழுத்தால் காற்றை அடைத்து எஞ்சினை நிறுத்தும் விசை என்று வகுப்பைப் பொறுத்துப் பட்டியல் நீளும். புகைக்குழாயின் உள்ளே பாருங்கள், இரண்டு போல்ட்டுகள் சிலுவைபோல் குறுக்கே போயிருக்கும். டர்போவின் சக்கரம் வெடித்தால் துண்டுகள் கூட்டத்தின் மேல் பாயாமல் அங்கேயே மாட்டிக்கொள்வதற்காக அது. அந்த இரண்டு போல்ட்டுகளைச் சில்லறைச் செலவு என்று தள்ளிவிடாதீர்கள். வேலியருகே குழந்தைகள் நிற்கிறார்கள்.

ஓட்டும் முறைக்கு வருகிறேன். தேர் வடம் பிடித்தவர்களுக்குத் தெரியும், முதலில் வடத்தின் தொய்வை வாங்கிக்கொண்டுதான் இழுக்க வேண்டும். இங்கும் அப்படித்தான். பச்சைக் கொடி அசைந்ததும் சங்கிலி விறைக்கும்வரை மெதுவாக நகர்ந்து, பிறகு ஒரே சீராக மிதியுங்கள். வெடுக்கென்று இழுத்தால் ஸ்லெட் அசையுமுன் ஷாஃப்ட் போய்விடும். உங்கள் முறை வரும்வரை தடத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். எந்தப் பக்கம் களிமண் இறுகியிருக்கிறது, எங்கே பொடியாகிவிட்டது என்பதை முன்னால் ஓடியவர்களின் சக்கரத் தடங்கள் காட்டிவிடும். சிவப்புக் கொடி கண்டால் அந்தக் கணமே காலை எடுங்கள்.

வெளியாள் என்ற தயக்கம் வேண்டவே வேண்டாம். பெரும்பாலும் விவசாயிகளும் மெக்கானிக்குகளும்தான் வருகிறார்கள். போட்டி டிரக்குகள் நிற்கும் பிட் பகுதியில் போய், "இது என் முதல் டிரக், கொக்கியைக் கொஞ்சம் பார்க்கிறீர்களா" என்று கேளுங்கள். போட்டியாளரே கீழே படுத்துப் பார்த்துச் சொல்வார், தேவைப்பட்டால் தன் ஸ்பேனரையும் தருவார். எனக்கு இந்த ஊர் சொந்த ஊரானது அந்த மண்தடத்தின் ஓரத்தில்தான். ஆகஸ்டில் ஒஹாயோவின் பௌலிங் கிரீனில் தேசிய டிராக்டர் இழுவைப் போட்டி நடக்கிறது, 1967இல் தொடங்கியது. பங்கெடுக்காவிட்டாலும் ஒரு முறை போய்ப் பாருங்கள்.

டிரக் பார்க்கப் போகும் நாளைச் சொல்லுங்கள், நானும் வருகிறேன். குளிர்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவுவதால் இங்கே பழைய வண்டிகளின் அடிச்சட்டம் உள்ளிருந்தே துருப்பிடித்திருக்கும். மேலே பூசிய கறுப்பு வண்ணத்தை நம்பாமல், டார்ச்சும் சிறு சுத்தியலும் கொண்டுபோய், பின் ஸ்ப்ரிங் மாட்டியிருக்கும் இடங்களைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் விலை பேசலாம். சொத்தையாகக் கேட்டால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.